நேர்காணலுக்கு ஒரு நெருக்கடி

இன்டர்வியூ என்றாலே எனக்கு ஆகாது. மேசைக்கு அந்தப் பக்கம் நாலு பேர் உட்கார்ந்து தலையாட்டினால் போதும், சொந்தப் பெயரே மறந்துவிடும். அதனால்தான் இந்த முறை ஒழுங்காகத் தயார் செய்தேன். நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

ஆம்புலன்ஸ் கேட்டு யாராவது போன் செய்தால், பக்கத்தில் எந்த வண்டி நிற்கிறது என்று பார்த்து அதன் ஓட்டுநருக்கு முகவரியை அனுப்புகிற மென்பொருள் எங்களுடையது. ஒன்பது வருஷமாக அதைக் கட்டி மேய்க்கிறவன் நான். எங்கள் மேனேஜர் வேறு இடத்துக்குப் போய்விட்டார், நாற்காலி காலி. போட்டிக்கு இருந்தவன் பக்கத்துப் பிரிவுக்காரன். அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் 'தீயணைப்பு'. அவன் எழுதியது மாதத்துக்கு ஒரு தடவை படுத்துக்கொள்ளும், அவனே ஓடிவந்து தூக்கி நிறுத்துவான், எல்லோரும் கைதட்டுவார்கள். என்னுடையது ஒன்பது வருஷத்தில் ஒரு தும்மல்கூடப் போட்டதில்லை. அதற்கு யாரும் கைதட்டவில்லை. வருத்தமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

கேள்விகளை முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள். முதல் கேள்வியே, 'ஒரு பெரிய நெருக்கடியில் உங்கள் குழுவை எப்படி வழிநடத்தினீர்கள்?' என்பதுதான். என் மனைவி கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். வீட்டில் அவள்தான் என்னை இன்டர்வியூ எடுத்தாள், பீன்ஸ் நறுக்கிக்கொண்டே.

"சொல்லுங்க, என்ன நெருக்கடி?"

"ஒண்ணும் வரலையே."

"வரலைன்னு சொன்னா வேலை குடுத்துடுவாங்களா? எதையாவது அடிச்சு விடுங்க."

அடித்துவிடுவது எனக்கு வராது. பொய் சொன்னால் என் முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கும். ஒப்புக்கு ஒரு பழைய சின்னக் கோளாறை எடுத்துச் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"நானே பாத்தேன், நானே சரி பண்ணேன்னு சொல்றீங்களே, அப்ப மத்தவங்க என்ன பண்ணாங்க? வேடிக்கை பாத்தாங்களா? மேனேஜர்னா கீபோர்டைத் தொடக் கூடாதுங்க. அவங்களைச் செய்ய வைக்கணும்."

சரியாகத்தான் சொன்னாள். ஆகவே எனக்கு ஒரு நெருக்கடி வேண்டும், அது உண்மையாக நடந்ததாக இருக்க வேண்டும், அதில் நான் கீபோர்டைத் தொட்டிருக்கக் கூடாது. யோசித்துப் பார்த்தால் எளிய விஷயம்தான்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு எங்கள் வரைபடத்தைப் புதுப்பிப்பார்கள். அரை மணி நேரம் அது அசமந்தமாகக் கிடக்கும். அது பதில் தராவிட்டால் எத்தனை வினாடி காத்திருப்பது என்று ஓர் எண் உண்டு. மூன்று வினாடி. அதற்குள் பதில் வராவிட்டால் பழைய வரைபடத்தை வைத்து வண்டியை அனுப்பிவிடும். திங்கட்கிழமை மதியம் அந்த மூன்றை நான் மூவாயிரம் ஆக்கினேன். என் பெயரில்தான் மாற்றினேன், திருட்டுத்தனம் எதுவும் இல்லை. பத்தே நிமிடத்தில் குழு கண்டுபிடித்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். காலை நேரத்தில் அழைப்புகளும் குறைவு. நானும் பொறுப்புள்ளவன்தானே.

பத்தரைக்கு எல்லாம் நின்றது. அழைப்பு மையத்தில் இருப்பவர்கள் கெட்டிக்காரர்கள். பேப்பரும் பேனாவும் எடுத்து, ஓட்டுநர்களுக்கு நேராகவே போன் போட ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் இயக்குநர் அறை வாசலில் வந்து நின்றார். நான் எழுந்து வெள்ளைப் பலகை பக்கம் போனேன், குரலை உயர்த்தாமல் ஆளுக்கொரு வேலை பிரித்துக் கொடுத்தேன். நம்ப மாட்டீர்கள், ஒருத்தர் பெயர்கூட மறக்கவில்லை.

குழுவில் இளையவள் ஒருத்தி, பேச்சில் அத்தனை சிக்கனம், அதனால் 'தந்தி'. நெட்வொர்க்கில் கோளாறு என்று நினைத்து அங்கேயே தேடிக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம் ஆகிவிட்டது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் இயக்குநர் இன்னும் வாசலில்தான் நின்றார்.

"அண்ணா, ஒண்ணும் புரியல. நீங்க வந்து பாக்கறீங்களா?" என்றாள்.

"பதறாதம்மா. நீ என்ன நினைக்கிற?" என்றேன்.

இயக்குநர் தலையாட்டியதை ஓரக்கண்ணால் பார்த்தேன். பத்து நாள் கழித்து இன்டர்வியூ. நாற்காலி எனக்கே கிடைத்தது.

இடையில் அந்தக் கோளாறு பற்றிய அறிக்கையையும் நான்தான் எழுதினேன். எங்கள் தொழிலில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. கோளாறு நடந்தால் என்ன நடந்தது என்று மட்டும் எழுதுவோம், யார் செய்தார் என்று எழுத மாட்டோம். யாரும் பயப்படாமல் உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதற்காக. எங்கள் அலுவலகத்தில் அந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததே நான்தான். 'ஓர் எண் மாற்றப்பட்டிருந்தது' என்று எழுதினேன். அதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. பாதிக்கப்பட்டவர்கள் என்ற இடத்தில் 'ஒருவர்' என்று எழுதினேன். இன்டர்வியூவிலும் அதை மறைக்கவில்லை. அந்த இடத்தில் இரண்டு வினாடி நிறுத்திவிட்டுத்தான் சொன்னேன். நாலு பேரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள்.

அந்த ஒருவர் ஒரு தையற்காரர். ஐம்பத்திரண்டு வயது, மாரடைப்பு, பிழைக்கவில்லை. போன் செய்தது மகள். அறிக்கைக்காக அந்த ஒலிப்பதிவை முழுவதும் கேட்டேன். "வண்டி வந்துட்டிருக்கா? அப்பாவால மூச்சு விட முடியல" என்கிறாள். "வந்துட்டிருக்கும்மா, ஸ்கிரீன்ல காட்டுது" என்கிறார் மையத்துக்காரர். ஐந்து தடவை கேட்கிறாள், ஐந்து தடவையும் அதே பதில். நான்கு தெரு தள்ளி ஒரு வண்டி சும்மா நின்றிருக்கிறது. கேட்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. அன்று மதியம் நான் சாப்பிடவில்லை.

மகள் எங்கள் அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது, யார் என்று. தந்தி போய்ப் பழைய பதிவுகளைத் தேடியிருக்கிறாள். என் பெயர் வந்ததும் நேராக என்னிடம் வராமல் போலீஸ் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள். எனக்கு அதில் கோபமில்லை. பயப்படாமல் உண்மையைச் சொல்லச் சொன்னவன் நான்.

அந்த அழைப்பு மாட்டிக்கொண்டது எனக்குத் தெரியுமா என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். தெரியும். மற்றவை எல்லாம் பேப்பரில் போய்விட்டன. அது ஒன்று மட்டும் எல்லாம் நிற்பதற்குச் சற்று முன் உள்ளே போய், 'அனுப்பப்படுகிறது' என்று மஞ்சளில் நின்றது. அப்படி இருந்தால் மையத்தில் யாரும் மறுபடி பார்க்க மாட்டார்கள். நான் அதை ஒன்பதாவது நிமிடத்திலேயே பார்த்துவிட்டேன். முகவரியைப் படித்தேன், 'நெஞ்சுவலி' என்று இருந்ததையும் படித்தேன். அதற்குப் பிறகுதான் தந்தியிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

இருபத்தாறாவது நிமிடத்தில் அவளே அந்த எண்ணைக் கண்டுபிடித்தாள். யார் துணையும் இல்லாமல், தானாக. நான் கீபோர்டைத் தொடவில்லை, ஒரு சின்னக் குறிப்புகூடக் கொடுக்கவில்லை. வேண்டுமானால் அவளையே கேட்டுப் பாருங்கள்.