செங்கல் வைத்து அடைத்த கதவு

மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் அவர்களே, குயவர் சங்கத் தலைவி அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அம்மையாரின் தங்கை ஈனிட் அவர்களே, மழையோடு மழையாக வந்து இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் ஊராரே, வணக்கம்!

நம் ஹெஸ்டர் லஸ்கோம் அம்மையார் போய்விட்டார். டெவன் மண்ணின் மட்கலை அரசி போய்விட்டார்! இங்கே யார் வீட்டு மேசையில் அவருடைய தேன்நிறத் தட்டு இல்லை? வெள்ளைக் களிமண் குழம்பில் கோடுகள், அவற்றின் குறுக்கே வாத்து இறகால் ஒரே இழுப்பு. கோணினால் கோணினதுதான். திரும்பத் தொடமாட்டார்.

முப்பத்தொரு ஆண்டுகள் அவர் சூளைக்கு விறகு போட்டவன் நான், ரூபன் டாக்கெட். அவசரக்காரன். கதவைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டுத்தான் எரிப்போம். தீ அணைந்த மூன்றாம் நாள்தான் பிரிக்க வேண்டும். ஒருமுறை, அவர் சந்தைக்குப் போயிருந்தபோது, இரண்டாம் நாளே பிரித்துவிட்டேன். குளிர்காற்று பட்டதும் அத்தனையும் டிக் டிக்கென்று விரிசல் விட்டன. இரண்டு மாத உழைப்பு! திரும்பி வந்தவர் திட்டினாரா? விரிசல் விட்ட தட்டு ஒன்றில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வைத்து நீட்டினார்.

"சாப்பிடு ரூபன். இவ்ளோ பசியில இருக்கேன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

இன்றும் அந்தத் தட்டில்தான் சாப்பிடுகிறேன்.

கடைசிச் சூளையை அவரே அடுக்கினார். தீ அணைந்த மறுநாள் அவர் இல்லை. இன்றோடு பன்னிரண்டு நாள். நான் பிரிக்கவில்லை, அவையோரே! பிரித்துவிட்டால், அவர் செய்ததில் நாம் பார்க்காதது என்று உலகத்தில் ஒன்றுமே மிஞ்சாதே! அதை எப்படித் தாங்குவேன்?

நேற்று ஈனிட் சண்டைக்கு வந்தார். "அக்கா உள்ள இல்ல ரூபன். சட்டிதான் இருக்கு. எப்பத்தான் பிரிக்கப் போற?"

"இன்னும் ஆறலம்மா" என்றேன். பொய். அன்று காலைதான் அந்தச் செங்கல்லில் கன்னத்தை வைத்துப் பார்த்திருந்தேன். சில்லென்று இருந்தது.

ஹெஸ்டர் அம்மையாரே, இந்தச் சபை அறியச் சொல்கிறேன். உங்கள் சூளை மறுபடி எரியும்! சங்கத்தார் வனைவார்கள், ஈனிட் இறகு பிடிப்பார், விறகு நான் போடுவேன். ஆனால் இருப்பதைக் காலி செய்தால்தானே அடுத்ததை அடுக்க முடியும்?

ஆகவே தேநீர் குடித்துவிட்டு எல்லோரும் சூளைக்கு வாருங்கள். முதல் செங்கல்லை நீங்கள் உருவுங்கள், ஈனிட். வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு அவசரம் இல்லை.