கூரை மடியும் காரும் மருமகனின் செடானும்

மத்தியான வெயிலில் கூரையைத் திறந்துவிட்டுக் கார் ஓட்டக் கூடாது, சார்ஜன் மஜீட். மண்டை வெடித்துவிடும். என் பழைய ஸ்போர்ட்ஸ் காரில் குறையே இல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. இரண்டு பேர்தான் இருக்கலாம். மழை வந்தால் கூரையை இழுத்து மூடுவதற்குள் இரண்டு பேரும் நனைந்து முடித்திருப்போம். அதற்கு என் மகள் சாருஜாவைவிட வயது கூட.

மருமகன் ஹரிசன் வாங்கிய செடான் நல்ல கார். சின்னதென்றாலும் உள்ளே தாராளம். ஏசி போட்டால் குளிரும், பெற்றோல் குடிப்பதே தெரியாது. சாவியோடு தள்ளி நடந்தால் கதவெல்லாம் தானாகப் பூட்டிக்கொள்ளும். இவற்றையெல்லாம் நான் நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டில் வீட்டுக்கு ஒரு கார் நிறுத்தத்தான் இடம்.

"மாமா, உங்கட காரைக் குடுத்திடுங்கோ. அதுக்குள்ள இருந்தா பஸ் கொண்டக்டர் கத்துறதும் கேக்குது. என்ரை காருக்குள்ள இடி விழுந்தாலும் கேளாது" என்றார் மருமகன்.

சொன்னதோடு நிற்கவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒருவரைப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை வந்து என் காரை எடுத்துப்போகச் சொல்லியும்விட்டார். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

சனிக்கிழமை கோயிலில் புதுக் காருக்குப் பூசை. தேசிக்காய்மேல் ஏற்றி முதல் ஓட்டம் ஓடுவது வீட்டுக்கு மூத்தவர்தான். அது எங்கள் வழக்கம். நான் ஓட்டினேன். தேசிக்காய்கள் சத்தமில்லாமல் நசிந்தன. விரதமிருந்த மருமகன் கோயில் சோற்றை வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் பக்கத்துச் சீட்டில் ஏறினார். தெஹிவளை வருமுன்னே வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டார்.

கடற்கரைக்கு இறங்கும் ரயில் கடவையில், தண்டவாளத்தின் நடுவே காரை நிறுத்தினேன். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி நடந்தேன். கதவுகள் பூட்டிக்கொண்டன. அவர்மேல் எனக்குக் கோபம் எதுவும் இருக்கவில்லை. அவர் சொன்னது சரியா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ரயில் வந்தது. விடாமல் ஹோர்ன் அடித்தார்கள். மதிலோரம் படுத்திருந்த நாய்கூட எழும்பி ஓடியது. மருமகன் அசையவில்லை. அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை.

சாருஜா என்னோடு கதைக்கிறாள் இல்லை. நடந்ததை யாராவது பொறுமையாக எடுத்துச் சொன்னால் அவளுக்கு விளங்கும். ஆகவே என் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதும்போது ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள், சேர். என்னுடைய காரில் இருந்திருந்தால் ஹரிசன் தப்பியிருப்பார்.