ஐந்தாவது குறை

மழை பெய்தால் எங்கள் அலுவலகத்துக் கூரை ஒழுகும். அங்கிருந்து தொடங்கினால் உங்களுக்குப் புரிவது எளிதாக இருக்கும், மேடம்.

அலுவலகம் ஜாலான் புசாரில், ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருக்கிறது. கீழே குழாயும் பூட்டும் விற்கும் கடை. தனியாக வாழும் முதியவர்களுக்கு நாங்கள் அபாயப் பொத்தான் பொருத்திக் கொடுக்கிறோம். கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம். விழுந்தாலோ மூச்சு முட்டினாலோ அழுத்த வேண்டும். அஸ்மத் அக்காவின் மேசையில் மணி அடிக்கும். அவர் அந்த வீட்டுக்குப் பேசுவார். பதில் இல்லையென்றால் ஆம்புலன்ஸை அனுப்புவார். எங்கள் தொழில் அவ்வளவுதான்.

அந்த மணியை அடிக்க வைக்கும் கணினி பின்னறையில் இருந்தது. கூரை ஒழுகுவதும் அங்கேதான். கணினிக்கு மேலே ஒரு குடையை விரித்துக் கட்டியிருந்தோம். நீங்கள் சிரிக்கலாம். வருகிறவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள்.

முதலாளி பாலகிருஷ்ணன் சார் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். "வைதேகி, எல்லாத்தையும் கிளவுடுக்கு மாத்திடலாமான்னு பாக்குறேன். நல்லது கெட்டது ரெண்டையும் எழுதிக் குடும்மா. நீதானே சயன்ஸ் படிச்சவ."

எழுதுவது எனக்கு வரும். பேசுவதுதான் வராது. நாலு பேர் திரும்பிப் பார்த்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். பள்ளியிலிருந்தே அப்படித்தான்.

நன்மைகளை நேர்மையாகவே எழுதினேன். சொந்தக் கணினி வேண்டாம், ஒரு பெரிய நிறுவனத்தின் கணினியை இணையம் வழியாக வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம், கூரையைப் பற்றிக் கவலை வேண்டாம். வாடிக்கையாளர்கள் பெருகினால் கேட்ட உடனே இடம் கிடைக்கும். குறைந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். பழுது பார்ப்பதையும் காவலையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அந்த வேலையில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள் அங்கே இருக்கிறார்கள்.

பிறகு குறைகள். கவனிக்காமல் விட்டால் வாடகை ஏறிக்கொண்டே போகும். முதியவர்களின் விவரங்கள் நம் கையை விட்டுப் போய்விடும். ஒரு நிறுவனத்தின் முறைக்குப் பழகிவிட்டால் வேறு இடத்துக்கு மாறுவது கடினம். அவர்கள் பக்கம் ஏதாவது பழுதானால் நம்மால் காத்திருக்கத்தான் முடியும்.

ஐந்தாவதாக இப்படி எழுதினேன்: எல்லாவற்றையும் ஒரே வழியில் விட்டால், அந்த வழி அடைபடும்போது எல்லாப் பொத்தான்களும் ஒன்றாக ஊமையாகும். ஊமையானது யாருக்கும் தெரியாது. ஏனென்றால் மணி அடிக்காத நாள், நல்ல நாளைப் போலவே இருக்கும். ஆகவே மாற்று வழி ஒன்று கட்டாயம் வேண்டும்.

அந்தப் பத்தி எனக்குப் பிடித்திருந்தது.

கூட்டத்தில் அதை அதீஃப்தான் வாசித்தார். பொத்தான்களை விற்பவர் அவர். நன்றாகப் பேசுவார். "என்ன லா இது, பேய்ப்பட கதையா? அஞ்சாவது பாயிண்ட்ட படிச்சா கஸ்டமர் படியிறங்கி ஓடிடுவான்." எல்லோரும் சிரித்தார்கள். மாற்று வழிக்குத் தனியாகச் செலவாகும், அப்புறம் பார்க்கலாம் என்றார் பாலகிருஷ்ணன் சார். நான் பேசத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் மதியச் சாப்பாடு எங்கே என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

கிளவுடுக்கு மாறினோம். பழைய கணினியை, தெருவில் பழஞ்சாமான் வாங்கும் காராங்கூனிக்காரர் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். குடை மட்டும் மிஞ்சியது. அதன் பிறகு எந்தப் பழுதும் வரவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க வரவில்லை. அதீஃப் காப்பி வாங்கி வரும்போதெல்லாம் எனக்கும் ஒன்று வைப்பார். வைத்துவிட்டு, "என்ன வைதேகி, உன் பேய் இன்னும் வரலியா?" என்பார். அவர் கெட்டவர் இல்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கமலம் அம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள். தேக்கா சந்தைக்கு மேலே இருக்கும் அடுக்குமாடி புளோக்கில் தனியாக இருந்தார். ஆஸ்பத்திரியில் ஆயாவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் சிவானிக்குச் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை. அம்மாவுக்குப் பொத்தான் போட்டு வைத்தது அவர்தான். பொருத்தப் போனது நான்.

கமலம் அம்மா பேச்சுத் துணைக்காகப் பொத்தானை அழுத்துவார். "ஒண்ணுமில்ல அஸ்மத், கீழ மீன் விக்கிற வெலைய கேட்டியா? பகல் கொள்ளை லா." அஸ்மத் அக்கா சலித்துக்கொண்டதால், பேசிப் புரியவைக்க என்னை அனுப்பினார்கள். அவர் வீட்டில் மட்டும் எனக்குப் பேச்சு வந்தது. ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். அரட்டை என்றால் தட்டிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். ஆபத்து என்றால் அழுத்திப் பிடிக்க வேண்டும். எவ்வளவு நேரம் அழுத்தினார்கள் என்பது திரையில் தெரியும்.

"நெசமாவே விழுந்தா கையையே எடுக்க மாட்டேன், போதுமா?" என்றார். கிளம்பும்போது ஒரு மாம்பழத்தைக் கையில் திணித்தார். "ஆபீஸ்லயும் இப்படிப் பேசு பொண்ணு. வாயத் தொறந்தா முத்தா உதிர்ந்துடும்?"

பிறகு அங் மோ கியோ வட்டாரத்தில் பல புளோக்குகளுக்குச் சேர்த்துப் பொத்தான் கொடுக்கும் ஒப்பந்தம் வந்தது. நூற்றுக்கணக்கான முதியவர்கள், அதே ஒற்றை வழி. என்றைக்காவது ஒருநாள் அது அடைபடும். அன்றைக்கு எத்தனை பேர் போவார்கள் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. நான் நினைத்தேன். சின்னதாக ஓர் அடைப்பு இப்போதே வந்தால் பெரியது வராமல் தடுக்கலாம். தடுப்பூசி போடுவதும் அப்படித்தானே.

கிளவுடில் பொத்தானின் சமிக்ஞையை வாங்குவது ஒரு பகுதி, அது என் திரையில் தெரியும். அதை அஸ்மத் அக்காவின் மேசைக்கு அனுப்பி மணி அடிக்க வைப்பது வேறொரு பகுதி. இரண்டாவதன் அனுமதியை நான் எடுத்துவிட்டேன். திரையில் ஒரு கட்டத்தில் இருந்த குறியை நீக்கினால் போதும். ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு வேளையில். யாராவது கவனித்தவுடன் திருப்பிப் போட்டுவிடலாம் என்றிருந்தேன்.

யாரும் கவனிக்கவில்லை. அஸ்மத் அக்கா பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, "இன்னைக்கு எல்லாரும் நல்லா இருக்காங்க போல," என்றார்.

அப்போதுதான் என் திரையில் கமலம் அம்மாவின் பெயர் வந்தது.

அரட்டைக்காகத் தட்டியிருப்பார் என்று நினைத்துவிட்டதாக நேற்று உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை. திருத்திக்கொள்ளுங்கள். பொத்தானை விடாதவரை திரையில் அவர் பெயர் இருக்கும் வரி சிவப்பாகவே இருக்கும். அது சிவப்பாகவே இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அஸ்மத் அக்கா கைகழுவப் போய்த் திரும்பி வந்தார். அப்போதும் சிவப்பாகத்தான் இருந்தது. அவர் வீடு தூரமில்லை, சிராங்கூன் சாலையைக் கடந்தால் வந்துவிடும். எழுந்து போயிருக்கலாம். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆம்புலன்ஸ் போயிருக்கும், அவரும் பிழைத்திருப்பார். ஏதோ கொஞ்ச நேரம் கோளாறு, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று ஆகியிருக்கும். அதீஃப் இன்னொரு காப்பி வாங்கி வந்திருப்பார். மாற்று வழி வந்தே இருக்காது.

பிறகு வரி நிறம் மாறியது. கை விடுபட்டுவிட்டது.

மாலையில் சிவானி கூப்பிட்டார். "அம்மா போன எடுக்கல. உங்க பட்டன் வேலை செய்யுதா இல்லையா?"

"நல்லா வேலை செய்யுதும்மா. இன்னைக்கு ஒரு தடவகூட மணி அடிக்கல," என்றார் அஸ்மத் அக்கா.

சிவானியின் அந்தக் கேள்விக்காகத்தான் நான் மத்தியானத்திலிருந்து காத்திருந்தேன். கேட்டுவிட்டார்கள். நீக்கிய குறியைத் திருப்பிப் போட்டேன். அன்றிரவு சிவானி போய்ப் பார்த்தபோது கமலம் அம்மா இறந்து கிடந்தார்; அவர் அழுத்தியது பதிவாகியும் மணி அடிக்கவில்லை என்று அலுவலகத்தில் பிறகுதான் தெரிந்தது.

அடுத்த வாரம் பாலகிருஷ்ணன் சார் என் அறிக்கையைத் தேடி எடுத்து, ஐந்தாவது குறையை உரக்கப் படித்தார். யாரும் சிரிக்கவில்லை. அதீஃப் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "நீ அன்னைக்கே சொன்னியேம்மா," என்றார் சார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அன்று எனக்குத் தொண்டை அடைக்கவில்லை.

ஆனால் எல்லோரும் கிளவுட் நிறுவனத்தைத் திட்டத் தொடங்கினார்கள். அது நியாயமில்லை. அன்று அவர்கள் பக்கம் எதுவும் பழுதாகவில்லை. அறிக்கை எழுதியவள் நான். அதில் தவறான தகவல் சேரக் கூடாது. அதனால்தான் நானாகவே போலீஸில் சொல்ல இங்கே வந்தேன். வழியை அடைத்தது நான். பார்த்துக்கொண்டிருந்ததும் நான்தான்.

மாற்று வழி போன மாதம் வந்துவிட்டது. இரண்டு தனித்தனி இடங்கள். ஒன்று அடைபட்டாலும் மற்றது மணியடிக்கும். நானே சோதித்துப் பார்த்தேன், நன்றாக வேலை செய்கிறது. கமலம் அம்மா மாதிரித் தனியாக இருப்பவர்கள் இனிமேல் பயப்பட வேண்டியதில்லை. சிவானியைப் பார்த்தால் இதைச் சொல்லுங்கள், மேடம். அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.