எட்டெழுத்து ஊர்

மின்சார ரயிலில், அண்ணனூரில் ஏறி எதிரே அமர்ந்த இரு பெண்களில் மூத்தவர் சொன்னார்: “எட்டெழுத்துக்கு மேல பேர் வெச்சா வாலை அறுத்துடும், நஸ்ரீன்.”

குழந்தைப் பெயர் என்று எண்ணினேன். என் மனைவி உடன் வந்திருந்தால் உடனே விசாரித்திருப்பாள்; நான் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். ஆனால் பேச்சு கம்ப்யூட்டரைப் பற்றியது. தொழிற்சாலைக்காக நஸ்ரீன் எழுதிய கையேடு அன்று அச்சுக்குப் போகிறது.

“அது பழைய மிஷினுக்குதான்க்கா. புதுசுல எவ்ளோ நீளமா வேணா ஃபைலுக்குப் பேர் வைக்கலாம். அதான் கையேட்டுல அந்த எட்டெழுத்து வரிய எடுத்துட்டேன்.”

“ஸ்டோர்ஸ்ல இன்னும் பழசுதானே கீது? அந்த அண்ணாத்தே இங்கிலீஷ்ல ‘அம்பத்தூர் ஸ்டாக்’னு ஒண்ணு, ‘அம்பத்தூர் சேல்ஸ்’னு ஒண்ணு வெப்பாரு. ரெண்டும் வெறும் ‘அம்பத்தூர்’னு ஆயிடும். ரெண்டாவது மொதலாவத முழுங்கிடும். அவரு ஒரு மாசம் அடிச்ச வேலை போச்சு.”

“ஐயோ! அப்போ பழையபடி வரிய சேத்துடவா?”

“சும்மா சேத்தா, புது மிஷின்காரங்களும் பேர வெட்டிகினு கெடப்பாங்க. எந்த மிஷினுக்குன்னு சேத்து எழுது.”

நஸ்ரீன் அச்சுப்படியின் ஓரத்தில் எழுதி, உரக்க வாசித்தாள்: “எட்டெழுத்து வரம்பு ஸ்டோர்ஸில் உள்ள பழைய கம்ப்யூட்டருக்கு மட்டுமே.”

“இப்போ சரி. அத மாத்துற அன்னிக்கு இதையும் எடுத்துடு.”

வண்டி அம்பத்தூரில் நின்றது. நஸ்ரீன் நிலையப் பலகையின் ஆங்கில எழுத்துகளை விரல்விட்டு எண்ணினாள்.

“கரெக்டா எட்டுக்கா! நம்ம ஊருக்கு வாலே இல்ல.”

“இல்லாட்டி இன்னா, அதான் நீ கீறியே. எறங்கு!”