ஏரியிலிருந்து ஏரியைக் கழித்தவருக்கு

ஏரிக்கரை நீராய்வகத்தின் ஏந்தலே! கழித்தல் கணக்கின் காவலரே! பூஜ்யத்தையே புகழுக்கு ஏணியாக்கிய புண்ணியவானே! பணி நிறைவு பெற்று இன்று எங்களிடம் விடைபெறும் தலைமை ஆய்வாளர் ஐயா அவர்களே, வணக்கம்!

பாராட்டு மடல் என்றால் கொஞ்சம் மிகை இருக்கத்தான் செய்யும் என்பார்கள். நாங்கள் சோதனைக்கூடத்து ஆட்கள்; இதில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் அளந்தே ஊற்றியிருக்கிறோம்.

காலையில் எங்களுக்கு முன் வந்து, மாலையில் எங்களுக்குப் பின் சென்ற கடமைக் குன்றே! எங்கள் வீட்டில் யாருக்கேனும் உடம்பு சரியில்லை என்றால், "போய்ப் பாருய்யா, தண்ணி எங்கயும் ஓடிடாது" என்று விடுப்புக் கொடுத்து அனுப்பிய கருணைக் கடலே! அதை மறுத்தால் நன்றி கெட்டவர்கள் ஆவோம். அந்த அன்பு உண்மை என்பதால்தான் மற்றதைச் சொல்லும்போது நாக்கு கசக்கிறது.

ஊரார் துணி துவைத்த நீரும், கிழிந்த பைகளும், அறுந்த வலைகளும் வந்து சேரும் ஏரி இது. ஊரார் குடிப்பதும் இதையேதான். இந்நீரை வடிதாளில் ஊற்றி, தங்கியதை மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்து, கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகளையும் துணுக்குகளையும் எண்ணுவதே நம் வேலை. நம் சட்டையிலிருந்தும் அறைத் தூசியிலிருந்தும் சில இழைகள் விழுந்துவிடும் அல்லவா? அதற்காகச் சுத்தமான நீரையும் அதே போல வடித்து எண்ணி, அந்த எண்ணிக்கையை ஏரியின் கணக்கிலிருந்து கழிப்போம். இதுவரை எல்லாம் முறைப்படிதான்.

அந்தச் சுத்த நீரைக் காய்ச்சி வடிக்கும் கருவி ஒருநாள் புகைந்து அணைந்தது. "குழாய்த் தண்ணிய வெச்சுப் பாருங்க, அதுவும் தண்ணிதானே" என்றீர்கள். நம் குழாய்க்கு நீர் மாடித் தொட்டியிலிருந்து வருகிறது. மாடித் தொட்டிக்கு மோட்டார் ஏரியிலிருந்தே இழுக்கிறது. இவ்வளவு படித்த நம்மில் ஒருவருக்கும் அன்று அது உறைக்கவில்லை. ஆகா! அந்த மாதமே ஏரியில் பிளாஸ்டிக் பூஜ்யம் ஆயிற்று. தொட்டியும் குழாயும் தம் பங்குக்குத் துணுக்கு உதிர்த்ததால், சில மாதங்களில் பூஜ்யத்துக்கும் கீழே போயிற்று. உலகில் எந்த ஏரிக்கும் கிட்டாத பெருமை! அதைக்கூடத் தன்னடக்கத்தோடு பூஜ்யம் என்றே எழுதச் சொன்னீர்கள்.

தூய ஏரி விருது வந்தது. கேடயம் உங்கள் மேசையில் ஏறியது. அந்த வாரம்தான் எங்கள் மைக்ரோஸ்கோப் அக்கா, கண் வலிக்க வலிக்க இழைகளை எண்ணுகிற அந்த அம்மையார், உங்கள் அறைக்கு வந்து எங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: "சார், ஏரியிலேருந்து ஏரியக் கழிச்சா சைபர்தான் சார் வரும்."

நீங்கள் கேடயத்தைப் பார்த்தீர்கள். பிறகு அக்காவைப் பார்த்தீர்கள். "விருது குடுத்தவங்கல்லாம் முட்டாளாம்மா? பச்சத் தண்ணிய வெச்சு ஊரப் பயமுறுத்தாத" என்றீர்கள். மறுநாள் அக்காவுக்குப் புட்டி கழுவும் அறையில் வேலை. ஐயா, தவறு செய்தது பெரிதல்ல. நாங்களும்தான் அதைக் கவனிக்கவில்லை. தெரிந்த பிறகும் குழாயைத் திறந்தீர்களே, அதைத்தான் எங்களால் ஜீரணிக்க முடியவில்லை.

உங்கள் கடைசி ஆணையோ எல்லாவற்றுக்கும் முத்தாய்ப்பு! ஏரியில் பிளாஸ்டிக் இல்லாத காரணத்தால் மைக்ரோஸ்கோப் பிரிவு தேவையில்லை, நாளை முதல் மூடப்படும் என்று அறிவித்தீர்கள். அக்கா அதைப் படித்தார். புட்டி கழுவும் அறையிலேயே நீரைக் காய்ச்சி, ஆவியைக் கண்ணாடிக் குழாயில் குளிரவைத்து, சொட்டுச் சொட்டாகச் சேர்த்தார். ஏரி நீரையும் அந்தச் சுத்த நீரையும் நாங்கள் கூடி நின்று வடித்தோம், அவரே எண்ணினார். பூஜ்யம் வரவில்லை ஐயா. பூஜ்யத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அந்த முடிவில் நாங்கள் எல்லோரும் கையொப்பமிட்டு, இன்று காலை தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டோம். அந்தப் பிரிவு பிழைக்குமா, எங்கள் வேலை பிழைக்குமா என்று தெரியாது.

பண்பின் பெட்டகமே! இம்மடலின் சட்டத்துக்குள், பூங்கொத்துப் படம் இருக்க வேண்டிய மூலையில், வட்டமான வெள்ளைத் தாள் ஒன்றைக் காண்பீர்கள். அக்கா எண்ணி முடித்த வடிதாள் அது. அதன் நடுவே நீல இழை ஒன்று வெறுங்கண்ணுக்கே தெரியும். மற்றவற்றைக் காண மைக்ரோஸ்கோப் வேண்டும். அதைத்தான் பூட்டச் சொல்லிவிட்டீர்கள்.

ஏரிக்கரையில் கட்டிய புது வீட்டில் மகளோடும் பேத்தியோடும் ஓய்வுக்காலம் கழிக்கப்போவதாக மகிழ்ந்து சொன்னீர்கள். நோய் நொடியின்றி வாழுங்கள்! அந்த நீல இழையைப் போல மக்காமல், மங்காமல், நெடுங்காலம் வாழுங்கள்! இந்த இழைகள் உடம்புக்குள் போய் என்ன செய்யும் என்று இன்னும் யாருக்கும் முழுதாகத் தெரியாது. தெரியாததால்தான் எண்ண வேண்டியிருக்கிறது.

உங்கள் புது வீட்டுக்கும் இந்த ஏரித் தண்ணீர்தான் வரும். பேத்தி தம்ளரை நீட்டும்போது அதிலிருந்து எதையும் கழித்துக் கொடுக்க உங்களால் முடியாது. எங்களுக்கு உங்கள்மீது ஆயிரம் கோபம் இருக்கலாம். அந்தக் குழந்தைமீது ஒன்றுமில்லை. காலையில் நாங்கள் அனுப்பியது அவளுக்காகவும்தான்.

இங்ஙனம்,
ஏரிக்கரை நீராய்வகப் பணியாளர்கள்,
புட்டி கழுவும் அறை உட்பட.