சித்தேரியில் கைமாறிய மூட்டைகள்

மழை விட்டு இருபத்தாறு மணி நேரம் ஆகியிருந்தது. ஏரியில் தண்ணீர் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது.

அது அப்படித்தான். மேற்கே இருக்கிற ஏரிகள் நிரம்பி, வழிந்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்கி, கடலோரத்துச் சின்ன ஏரிக்கு வந்து சேர ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஊரார் ஈரத்துணியை எடுத்துக் காயப்போடுகிற நேரத்தில்தான் மண் கரைக்கு உண்மையான ஆபத்து.

இதோ, மூலையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே ஜான்சி, அவளுடைய பெரியம்மா மகள் அமுதவல்லிக்கு நடந்தது இது. ஜான்சி இதை வாய்விட்டுச் சொல்லமாட்டாள். கரண்ட் வர இன்னும் நேரமாகும் என்கிறார்கள்... அதுவரை கேளுங்கள்.

இரவு ஒன்பது மணி. மரக்காணத்துக்குத் தெற்கே, ஈ.சி.ஆரை விட்டு மேற்கே இறங்கும் மண் ரோடு. இரண்டு பக்கமும் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும் உப்புப் பாத்திகள். அப்புறம் சவுக்குத் தோப்பு. அதைத் தாண்டினால் சித்தேரியின் கரை. வழியில் ஒரு விளக்கு கிடையாது. முன்னால் டார்ச்சோடு சகாதேவன் போனான். பின்னால் அவன் மனைவி அமுதவல்லி, தலையில் காலிச் சாக்குக் கட்டோடு.

மழைக்காலத்தில் உப்பள வேலை இல்லை. ஏரிக்குக் கீழே குத்தகைக்கு எடுத்த முக்கால் ஏக்கர் நெல்தான் அவர்களுக்கு. கதிர் பால் பிடித்திருந்தது. கரை போனால் முதலில் அது போகும். அடுத்தது தெரு. நாற்பது வீடு. அதில் ஒன்றில் நடக்கமுடியாத மாமியார் கொளஞ்சியம்மாளும் இரண்டு பிள்ளைகளும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அமுதவல்லி தூங்கி இரண்டு ராத்திரி ஆகியிருந்தது.

இந்தக் கரை மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு தடவை உடைந்தது. சகாதேவனின் தம்பி தேவாவை எல்லோரும் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான். விடியும்போது உடைப்பு அடைபட்டிருந்தது. தேவா இல்லை. தன்னோடு சண்டை போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் திருப்பூர் போய்விட்டான் என்று சகாதேவன் சொன்னான். பனியன் கம்பெனிக்குப் போகிறேன் என்று தேவா ஒரு வருடமாகவே சொல்லிக்கொண்டிருந்ததால் யாரும் மேலே கேட்கவில்லை. ஒரு போன்கூட வரவில்லை. அவன் நம்பர் செத்துவிடக்கூடாது என்று கொளஞ்சியம்மாள் அழுவாள். சகாதேவன் ஒரு மாதமும் தவறாமல் அதற்கு ரீசார்ஜ் போட்டு வந்தான்.

அந்தப் பழைய உடைப்பை ஒட்டி, கரையின் வெளிப்பக்கத்து அடியில்தான் இப்போது கசிவு. தெளிந்த தண்ணீராக வந்தால் பயமில்லை. கலங்கலாக வந்தால் கரை உள்ளுக்குள் கரைகிறது என்று அர்த்தம். சகாதேவன் டார்ச் அடித்துப் பார்த்தான்.

டீ நிறத்தில் வந்தது.

ஊரில் மற்றவர்கள் பெரிய ஏரிக்குப் போயிருந்தார்கள். இங்கே இருந்தது நாலு பேர். மதகை அடைக்கும் குப்பையை வாரிவிட, இருந்த ஒரே டார்ச்சை எடுத்துக்கொண்டு சகாதேவன் கரையின் அந்தக் கோடிக்குப் போய்விட்டான். பக்கத்து வீட்டு வெற்றிச்செல்வன் தோப்போரம் மண்ணை நிரப்பி மூட்டையைக் கரை மேலே கொண்டுவருவான். மேலே நிற்கும் செல்லப்பன் அதைச் சரிவில் இறக்கிக் கொடுப்பார். அமுதவல்லி கீழே, முழங்கால் சேற்றில் நின்று, வாங்கிக் கசிவின் மேல் அடுக்குவாள்.

இருட்டில் மூட்டை மாற்ற உப்பளத்தில் ஒரு வழக்கம் உண்டு. கொடுப்பவர் "புடி" என்பார். வாங்குகிறவர் சாக்கின் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு "வுடு" என்று சொன்னால்தான் மற்றவர் கையை எடுப்பார். அதற்கு முன்னால் எடுத்தால் மூட்டை விழுந்து கால் போகும்.

செல்லப்பனுக்கு அறுபது வயது, ஊர் முறையில் சித்தப்பா. வாய் ஓயாது. முட்டி வலியில் தொடங்கி, மகளின் மாமியாரைத் திட்டி, ஏரிக்கு வந்தார்.

"இந்தக் கரைக்கு நான் தூக்கின மண்ண ஒரே எடத்துல கொட்டியிருந்தா, நம்மூருக்கு ஒரு மல இருந்திருக்கும்டி."

"அந்த மல மேல உக்காந்துக்கினும் நீ கதைதான் அடிச்சிக்கினு இருப்ப. மூட்டைய குடு சித்தப்பா."

இப்படியே முப்பது மூட்டை போயிருக்கும். பிறகு காற்று எழுந்தது. சவுக்குத் தோப்பு முழுக்க ஒரே இரைச்சல். யாரோ ஏதோ கத்தியது போல இருந்தது... சரியாகக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் மூட்டை வரவில்லை. அவள் சரிவில் சாய்ந்து கண்ணை மூடினாள்.

நெற்றியில் ஈரச் சாக்கு இடித்தது.

கையைத் தூக்கிக் காதைப் பிடித்தாள். "வுடு" என்றாள். விட்டது. அடுக்கினாள். திரும்பினாள். அடுத்தது தயாராக இருந்தது.

இப்போது "புடி" என்ற சத்தம் இல்லை. கிழவருக்கும் ஒரு வழியாக வாய் வலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். நிம்மதியாகக்கூட இருந்தது. ஒரு தடவை, என்ன சித்தப்பா, மகளோட மாமியார் ஞாபகம் வந்துட்டுதா என்று சீண்டிப் பார்த்தாள். பதில் இல்லை. மூட்டை மட்டும் வந்தது.

மூட்டைகள் மாறியிருந்தன. கனம் அதிகம். உள்ளே மண் செங்கல் மாதிரி இறுகியிருந்தது. சாக்கு தொட்ட இடத்தில் நார் நாராகப் பிரிந்தது. மேலே புல் வேர் தொங்கியது. புது மண்ணின் வாசனை இல்லை. வருடக் கணக்கில் திறக்காத பானையைத் திறந்தது போல ஒரு புழுங்கின வாடை... வெற்றிச்செல்வன் எங்கோ கிடந்த பழைய மூட்டைகளை எடுத்துவருகிறான் போல. எதுவாக இருந்தால் என்ன. வாங்கு. "வுடு." அடுக்கு. திரும்பு.

ஒரு முறை விரல் மேல் விரல் பட்டது. நகத்துக்கடியில் மண். சில்லென்று இருந்தது. அவள் விரலும் சில்லென்றுதான் இருந்தது.

இன்னொன்றையும் கவனித்தாள். கவனித்தும் யோசிக்கவில்லை. முதலில் மூட்டை தலைக்கு மேலிருந்து வந்தது. பிறகு தோள் உயரத்தில். பிறகு நெஞ்சுக்கு நேராக. அவள் கை வலிக்கக்கூடாதென்று செல்லப்பன் சரிவில் இறங்கி நிற்கிறார் என்று எடுத்துக்கொண்டாள். எதிரே ஆள் நிழல் தெரியவில்லை. கரையின் கறுப்பு மட்டும்தான். அதிலிருந்து இரண்டு கையும் ஒரு மூட்டையும்.

பக்கத்தில் மூச்சு வாங்கும் சத்தமே இல்லை என்பதும் தெரிந்தது. அவள் மூச்சே அவளுக்குப் பெரிதாகக் கேட்டது.

எத்தனை மூட்டை என்று அவளால் சொல்லமுடியவில்லை. தோப்பில் முதல் காக்கை கத்தியபோது காலடியில் தண்ணீரை அள்ளி முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். தெளிவாக இருந்தது. மண் நெருடவில்லை. கரை நின்றுவிட்டது.

போதும் சித்தப்பா, நீயும் உக்காரு என்றாள். அதற்குப் பிறகு மூட்டை வரவில்லை. அடுக்கிய மூட்டைகள் மேலேயே சாய்ந்து தூங்கிவிட்டாள்.

பைக் சத்தத்தில் விழித்தபோது வெளிச்சம் வந்திருந்தது. வெற்றிச்செல்வன் கரை மேலிருந்து இறங்கி வந்தான். முதலில் செல்லப்பன் பிழைத்துக்கொண்டார், டிரிப்ஸ் ஏறுகிறது, பயமில்லை என்றான். அவளுக்குப் புரியவில்லை.

"ராத்திரி பதினோரு மணிக்கே நெஞ்சு வலின்னு சாஞ்சிட்டாரு, அக்கா. கத்திச் சொல்லிட்டுதான் பைக்ல ஏத்திக்கினு ஆஸ்பத்திரிக்குப் போனேன். உனக்குக் கேக்கலியா? கரைக்குள்ளருந்து யாரோ கால புடிக்கிறாங்க, கால புடிக்கிறாங்கன்னு வழியெல்லாம் அவரு ஒரே பேச்சு."

அமுதவல்லி தான் அடுக்கியதைப் பார்த்தாள். அடியில் ஒரு முப்பது வெள்ளைச் சாக்கு. அவற்றின் மேல், அதைப்போல இரண்டு மடங்கு, கறுத்துப்போன பழைய சாக்குகள். அடுக்கு நேர்த்தியாக இருந்தது. தன் கைவேலைதான்.

பிறகு கரையைப் பார்த்தாள். பழைய உடைப்பை மூடிய இடத்தில், அவள் நெஞ்சுக்கு நேராக, புல்லை விலக்கிக்கொண்டு ஒரு ஓட்டை. மண்வெட்டி பட்ட தடம் இல்லை. விளிம்பெல்லாம் உள்ளிருந்து வெளியே தள்ளியிருந்தது. எட்டிப் பார்த்தாள். கிணறு மாதிரி நேராகக் கீழே இறங்கியது. ஒரு ஆள் நிற்கலாம். திரும்ப முடியாது.

உள்ளே ஒன்றுமில்லை. துணி இல்லை, எலும்பு இல்லை. சுவர் முழுக்க விரல் தடம்.

மதகுப் பக்கமிருந்து சகாதேவன் வந்தான். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் நின்ற முகம். கறுத்த மூட்டைகளைப் பார்த்தான். ஓட்டையைப் பார்த்தான். வெற்றிச்செல்வனை வீட்டுக்குப் போகச் சொன்னான். பைக் சத்தம் தேயும்வரை காத்திருந்தான். பிறகு சேற்றிலேயே உட்கார்ந்தான்.

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ராத்திரி எனக்கு மூட்ட குடுத்தது யாருங்க?"

ஏரியில் தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்டது. பிறகு, களைத்துப்போன குரலில், வயலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"தேவா திருப்பூர் போகல, அமுதா. உடைப்புல எறங்கி நின்னு மூட்ட வாங்கிக்கினு இருந்தான். கரை சரிஞ்சி இடுப்பு வரைக்கும் மாட்டிக்கினான். நானும் செல்லப்பன் சித்தப்பாவும் இழுத்துப் பாத்தோம். வரல. தண்ணி ஏறிக்கினே இருந்துது. நிறுத்தினா தெருவே போயிடும்... அவனேதான் குடுன்னு கைய நீட்டினான். தோளு வரைக்கும் அவனே வாங்கி அடுக்கிக்கினான். அதுக்கு மேல நான் அடுக்கினேன்."