மறுக்காமல் மறுக்கும் மரியாதை

என்னை அழைத்ததற்காக இன்னும் சற்று நேரத்தில் வருந்தப்போகும் அவைத் தலைவர், சீன மொழித் துறையின் தலைவர் அவர்களே! சுவரைப் பார்த்து நின்று சுரம் பழகு என்று என்னை விரட்டி விரட்டி வளர்த்த பேராசிரியை அம்மையார் அவர்களே! வகுப்பறையிலேயே வாழ்ந்து வகுப்பறையிலேயே நரைத்த பெரியோர்களே! பிள்ளையை இந்தத் துறையில் சேர்த்துவிட்டு, சேர்த்தது சரிதானா என்று கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு யோசிக்கும் தாய்மார்களே! தாய் யோசிப்பதை அறியாமல் கைப்பேசியில் மூழ்கியிருக்கும் தம்பிகளே, தங்கைகளே! உங்கள் அனைவரையும் பணிந்து தொடங்குகிறேன்.

போன வாரம் தலைவர் தொலைபேசியில் பேசினார். "ரெண்டு வார்த்தை நம்பிக்கையா பேசிட்டுப் போம்மா. இந்த வருஷம் பாதி பெஞ்சு காலியா கெடக்கு" என்றார். சரி என்றேன். நம்பிக்கையைப் பற்றித்தான் பேசப்போகிறேன் ஐயா. ஆனால் நீங்கள் கேட்ட நம்பிக்கை அல்ல, என் வீட்டை அரித்துக்கொண்டிருக்கும் நம்பிக்கை!

என் அப்பா காலணி ஆலையில் அடிப்பாகம் ஒட்டும் பிரிவில் வேலை பார்த்தவர். ஆலையை நடத்தியவர்கள் சீனர்கள். அவர்கள் வருவார்கள், நிற்பார்கள், தங்களுக்குள் பேசுவார்கள், சிரிப்பார்கள், போவார்கள். ஒரு நாள் சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "நம்மளப் பாத்துத்தான் பேசுறாங்க. ஒரு எழவும் புரிய மாட்டேங்குது. நீ போய் அந்தப் பாஷையைப் படி. நம்ம வீட்டுல ஒருத்தருக்காவது புரியட்டும்." அத்தை விடுவாரா? "படிச்சு முடிச்சுட்டு பொம்மை விக்கப் போறியாடி?" என்றார். சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். இன்றைக்கு இனிமேல் சிரிப்பதற்கு அதிகம் இல்லை.

படித்தேன். கண் எரிய எழுத்துப் படித்தேன். கை வலிக்கக் கோடு போட்டேன். ஏற்றி இறக்கிச் சொன்னால் சொல்லின் பொருளே மாறும் சீனச் சுரத்தைக் குளியலறையில் நின்று ஏற்றி இறக்கினேன், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "பொண்ணுக்கு உடம்புக்கு என்ன?" என்று விசாரித்தார். மொழியோடு பண்பாடும் ஒரு தாளாக வந்தது. அதில் அம்மையார் நடத்திய பாடம் ஒன்று. பலர் கூடிய இடத்தில் ஒருவரை நேருக்கு நேர் மறுக்காமலிருப்பது அங்கே ஒரு மரியாதை. மறுத்தால் கேட்டவர் முகம் வாடும், சொன்னவர் முகமும் கெடும். ஆகவே ஆராய்கிறோம் என்பார்கள், ஆலோசிக்கிறோம் என்பார்கள், அன்போடு சிரிப்பார்கள். அதோடு முடிந்தது. நாம் மட்டும் என்னவாம்? வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், "வீட்டுல கலந்துட்டுச் சொல்றோம்" என்று கதவு வரை வந்து வழியனுப்புவதில்லையா? தேர்வில் இதைப் பற்றி நான் எழுதிய விடையை அம்மையார் வகுப்பிலேயே வாசித்துக் காட்டினார். நினைவிருக்கிறதா அம்மா? தலையசைக்கிறார். நன்றி.

படிப்பு முடிந்ததும் அதே ஆலையில் மொழிபெயர்ப்பாளர் ஆனேன். அப்பா அன்று பிரிவு முழுவதற்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். இனி நம் பேச்சு அவர்களுக்குப் போகும், அவர்கள் பேச்சு நமக்கு வரும் என்று எல்லாரும் மனம் குளிர்ந்து போனார்கள்.

வந்தது, அவர்கள் பேச்சு. ஒரு பிற்பகல் உணவுக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். ஒலிவாங்கியை என் கையில் கொடுத்தார்கள். அடிப்பாகம் ஒட்டும் பிரிவை மூடுகிறோம் என்று சீன மேலாளர் சொன்னார், நான் தமிழில் சொன்னேன். எல்லாரும் 'மீசை' என்று அழைக்கும் தொழிலாளி எழுந்து, "வேற பிரிவுல எங்களை எடுத்துக்குவீங்களா?" என்று கேட்டார். மேலாளர் மென்மையாகச் சிரித்தார். "அதை நன்றாக ஆராய்கிறோம், செய்தி சொல்லி அனுப்புகிறோம்" என்றார்.

அவையோரே! அந்தச் சிரிப்பு என் பாடத்தில் இருந்த சிரிப்பு. அந்தச் சொல் நான் விடையாக எழுதிய சொல். எனக்குத் தெரியும், அது 'இல்லை' என்று! ஆனால் எங்கள் தொழிலின் நெறி என்ன? சொன்னதைச் சொல். கூட்டாதே, குறைக்காதே, குறிப்புரை எழுதாதே. சொன்னேன். கூடம் அதிரக் கைதட்டினார்கள். யாரோ ஒருவர் சொல்லியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பார்கள். நம்ம பொண்ணு சொல்லுதே, பொய்யாகுமா? முதலில் தட்டிய கை என் அப்பாவின் கை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "அப்பா, அது இல்லைன்னு அர்த்தம்ப்பா."

"நீதானேம்மா ஆராயுறோம்னு சொன்னே?"

"நான் சொல்லலப்பா. அவர் சொன்னதைச் சொன்னேன்."

"அவரு சொன்னது எனக்கு எங்க புரிஞ்சுது? நீ சொன்னதுதான் புரிஞ்சுது."

எந்தப் பல்கலைக்கழகத்தில் இதற்குப் பதில் சொல்லித் தருகிறார்கள்?

மேலாளரிடமே போனேன். தனி அறையில் அவர் ஒளிக்கவே இல்லை. "முடியாதும்மா. அத்தனை பேர் முன்னால் அதை எப்படிச் சொல்வது? அவர்களுக்கு அவமானமில்லையா?" என்றார். நல்ல மனிதர், மெய்யாகவே வருந்தினார். என் அப்பாவிடம் மட்டுமாவது நேரில் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். "பார்க்கிறேன்" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. அந்த மாதமே தம் நாட்டுக்குப் போய்விட்டார்.

மீசை இப்போது சரக்கு வண்டி ஓட்டுகிறார். மற்றவர்களும் காத்திருந்து, கசந்து, ஆளுக்கொரு வழி பார்த்துப் போனார்கள். என் அப்பா மட்டும் போகவில்லை. காலையில் குளித்து, ஆலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கைப்பேசியைப் பக்கத்தில் வைத்து உட்காருகிறார். மாமா ஒரு பை தைக்கும் பட்டறையில் அவருக்கு வேலை பேசி வைத்திருக்கிறார். நாளைக்குள் வராவிட்டால் வேறு ஆள் வைத்துக்கொள்வார்கள். "நான் அங்க போன நேரம் பாத்து கம்பெனி கூப்பிட்டா?" என்கிறார் அப்பா. நேற்று என்னிடம் வந்து, மறுபடி வேலைக்குப் போகும்போது புது மேலாளரை அவர் மொழியிலேயே வணங்க வேண்டும், சொல்லிக் கொடு என்றார். நீ ஹாவ் என்றேன். பதறிவிட்டார். "பெரிய மனுசனைப் போய் 'நீ'ங்கிறதா?" மரியாதைக்கு நின் ஹாவ் என்று உண்டு அப்பா என்றேன். சுரம் பிசகாமல் சொன்னார். நான் முதல் ஆண்டு முழுக்கத் தடுமாறிய சுரம்! அடுத்த அறைக்குப் போய் அழுதேன்.

யாரைக் குறை சொல்வேன்? மேலாளரையா? அவர் தம் ஊர் மரியாதையைக் காத்தார். அம்மையாரையா? பாடத்தைப் பழுதில்லாமல் புகட்டினார். என்னையா? தொழிலின் நெறியில் நின்றேன். எல்லாரும் சரியாகச் செய்தோம்! எல்லாரும் சரியாகச் செய்து, ஒரு மனிதரைச் சட்டை மாட்டி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டோம்!

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன் ஐயா. தம்பி தங்கைகளே, படியுங்கள். வேண்டாமென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் இரண்டு பக்கமும் புரிந்தவர்களுக்கு இரண்டு பக்கமும் தூக்கமில்லை என்று தெரிந்துகொண்டு படியுங்கள்.

இந்த மேடைக்கு நான் ஏன் வந்தேன்? வீட்டில் நான் சொன்னதை அப்பா நம்பவில்லை. ஒலிவாங்கியில் சொன்னதைத்தான் நம்பினார். ஆகவே அவரை அழைத்து வந்திருக்கிறேன். அதோ, தூண் ஓரத்தில், நீலச் சட்டை. அப்பா! எல்லார் முன்னாடியும் சொல்றேன், மன்னிச்சுக்குங்க. அது இல்லைன்னு அர்த்தம்ப்பா. அவங்க கூப்பிட மாட்டாங்க. நாளைக்குக் காலையில மாமாகூடப் போங்க.

எழுந்து நிற்கிறார். தம்பி, அந்த ஒலிவாங்கியை அவரிடம் கொடு.

"நல்லாப் பேசுனம்மா. சரி, யோசிச்சுச் சொல்றேன்."

கைதட்டாதீர்கள்! தயவுசெய்து தட்டாதீர்கள்! இணங்கிவிட்டார் என்று நினைத்துத்தானே தட்டுகிறீர்கள்? அவர் முகத்தில் இருக்கும் சிரிப்பைப் பாருங்கள். இத்தனை பேர் முன்னால் மகளின் முகம் வாடக்கூடாது என்று சிரிக்கிறார். நான் இதைப் படித்தவள்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. வணக்கம்.